தோமாவின் பணிகள்: நூல் மெய்ம்மையும் வரலாற்று மெய்ம்மையும்

ஆய்வுச் சுருக்கம்

இந்தியக் கிறித்தவத்தின் தோற்றம் பற்றிப் பேசும் மிகப் பழைய நூல் 'தோமாவின் பணிகள்'. கி.பி. 3ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எதெசா நகரச் சூழலில் தோன்றிய இந்நூலைச் சிலர் தோமாவின் தமிழக வருகைக்குச் சான்றாகக் காட்டுகின்றனர். வேறு சிலர் வெறும் புனைகதை என்று ஒதுக்குகின்றனர். இவ்விரு நிலைகளும் 'மெய்ம்மை' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு வினாக்களைக் கலந்துவிடுவதால் எழுந்தவை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. நூலின் அகச்சான்றுகள், கொண்டோபர்னஸ் காசுகளும் கல்வெட்டும், மயிலாப்பூர் மரபின் வளர்ச்சி ஆகியவை தமிழ் இலக்கிய வரலாற்றுச் சான்றுகளோடு ஒப்பிட்டு மதிப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தோமாவின் பணிகள், எதெசா, கொண்டோபர்னஸ், மயிலாப்பூர், சிரியாக் மரபு, சான்று மதிப்பீடு.

1. முன்னுரை

பழம்பிரதி ஒன்றின் மெய்ம்மையை ஆராயப் புகுவோர் முதலில் அச்சொல்லின் பொருளை வரையறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நூல் தனக்குரியதாகக் கருதப்படும் காலத்தில் உண்மையாகவே தோன்றியதா என்பது ஒரு வினா. அதனை எழுதியவராகக் கூறப்படுபவர்தாம் எழுதினாரா என்பது மற்றொரு வினா. அது கூறும் நிகழ்ச்சிகள் நடந்தவையா என்பது மூன்றாவது வினா. முதல் வினாவுக்கு 'ஆம்' என்ற விடை கிடைத்தவுடன் மூன்றாவதற்கும் அதுவே விடை என்று கொள்வதும், மூன்றாவதற்கு 'இல்லை' என்ற விடை கிடைத்தவுடன் முதலாவதையும் மறுப்பதும் ஆய்வுலகில் அடிக்கடி நேரும் பிழைகள்.

இவ்வேறுபாட்டை விளக்கப் புதுச்சேரியோடு தொடர்புடைய ஒரு நூல் உதவும். 'எசூர்வேதம்' என்ற பெயரில் ஒரு பிரெஞ்சுக் கையெழுத்துப்படி 1760இல் வோல்தேரின் கைக்கு வந்தது. அதனைத் தொன்மையான இந்திய மறையின் விளக்கம் என்று நம்பிய அவர், 1761இல் பாரிஸ் அரச நூலகத்தில் சேர்ப்பித்தார். 1778இல் அது அச்சேறியது. 1782இலேயே சொன்னரா அதனை மறைப்பணியாளர் ஒருவரின் ஆக்கம் என்றார். புதுச்சேரியில் இருந்த கையெழுத்துப்படிகளை ஆராய்ந்த எல்லிஸின் கட்டுரை 1822இல் வெளிவந்தது. அதன்பின் அந்நூலின் தொன்மை பற்றிய நம்பிக்கைக்கு இடமில்லாது போயிற்று. லூதோ ரோஷே 1984இல் அதனை விரிவாகப் பதிப்பித்து ஆராய்ந்தார். இங்கு நூலே முதல் வினாவில் தோற்றுவிட்டது.

தோமாவின் பணிகள் அத்தகையதன்று. அது பிற்காலத்தார் பழமை பூசிய நூல் அன்று. உண்மையாகவே பழைய நூல். தோமா தாமே எழுதியதாக அது உரிமை கொண்டாடவும் இல்லை. எனவே அதனைப் 'போலி' என்பது பொருந்தாது. சிக்கல் முழுவதும் மூன்றாவது வினாவில் உள்ளது.

2. நூலின் காலமும் பாடமும்

இந்நூல் சிரியாக், கிரேக்கம் ஆகிய இரு மொழிகளிலும் கிடைக்கிறது. முதலில் சிரியாக் மொழியில் எழுதப்பட்டது என்பது பெரும்பாலோர் கருத்து. ஆயினும் இன்று கிடைக்கும் சிரியாக் பாடம் பிற்காலத் திருச்சபைக் கொள்கைக்கு ஏற்பத் திருத்தப்பட்டுள்ளமையால், கிரேக்கப் பாடமே பல இடங்களில் பழைய வடிவத்தைக் காட்டுகிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்த, கி.பி. 936ஆம் ஆண்டுக்குரிய படியைக் கொண்டு வில்லியம் ரைட் 1871இல் சிரியாக் பாடத்தை ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். கிரேக்கப் பாடத்தின் செம்பதிப்பை மாக்ஸ் பொன்னே 1903இல் நிறைவுசெய்தார். கிளெய்ன் 1962இல் எழுதிய விளக்கவுரை இத்துறையில் இன்றியமையாதது.

இரு மொழிப் பாடங்களின் உறவு தமிழ்ப் பதிப்பியலாருக்கு அயலானதன்று. மூலமொழிப் பாடம் என்பதாலேயே ஒன்று மூலபாடம் ஆகிவிடாது. ஏடு எழுதுவோரும் சமயக் காவலரும் கைவைக்காத கிளைப் பாடம் சில இடங்களில் மூத்ததாக இருக்கலாம். 'முத்துப் பாடல்' எனப்படும் புகழ்பெற்ற பகுதி சிரியாக்கில் ஒரே படியிலும் கிரேக்கத்தில் ஒரே படியிலும் மட்டுமே காணப்படுகிறது. அது தனிப்பாடலாக இருந்து பின்னர் நூலுக்குள் சேர்க்கப்பட்டது என்பது பலர் ஏற்கும் கருத்து. ஆகவே 'நூல் கூறுகிறது' என்று எழுதும் ஆய்வாளர், எந்தப் பாடம் கூறுகிறது என்பதையும் சுட்டுதல் வேண்டும்.

பண்டைத் திருச்சபை இந்நூலை ஏற்றதா என்பதும் கருதத்தக்கது. மானிக்கேயர் இதனைப் போற்றிப் படித்தனர் என்று அகுஸ்தினார் குறிக்கிறார். திருமணத்தையும் புலாலையும் மதுவையும் விலக்கிய குழுவினர் இதனைப் பயன்படுத்தினர் என்று எப்பிபானியுஸ் கூறுகிறார். கெலாசியுஸ் பெயரால் வழங்கும் 6ஆம் நூற்றாண்டு ஆணை இதனை விலக்கப்பட்ட நூல்களுள் வைக்கிறது. ஆனால் திருச்சபை விலக்கியது கொள்கை அடிப்படையிலேயே ஆகும். அவ்விலக்கை வரலாற்று மறுப்பாகக் கொள்வது முறையன்று.

3. கதையும் அதன் உலகமும்

திருத்தூதர்கள் உலகைப் பங்கிட்டுச் சீட்டுப் போடுகின்றனர். யூதா தோமாவுக்கு இந்தியா விழுகிறது. தாம் எபிரேயர், இந்தியருக்கு எவ்வாறு போதிப்பது என்று அவர் மறுக்கிறார். இயேசு அவரைத் தம் அடிமை என்று கூறி, குந்தபார் மன்னனுக்காகத் தச்சனைத் தேடிவந்த ஹப்பான் என்ற வணிகனிடம் விற்றுவிடுகிறார். அரண்மனை கட்டத் தந்த பொருளைத் தோமா ஏழைகளுக்கு வழங்குகிறார். சினங்கொண்ட மன்னன் அவரைச் சிறையிலிடுகிறான். இறந்த மன்னன் தம்பி காத் விண்ணுலகில் அவ்வரண்மனையைக் கண்டு உயிர்த்து வந்து சொல்கிறான். நூலின் பிற்பகுதி மஸ்தாய் என்ற மற்றொரு மன்னனின் நாட்டில் நிகழ்கிறது. உயர்குடிப் பெண்கள் தோமாவின் போதனையால் இல்லறம் துறக்கின்றனர். அதனால் வெகுண்ட மன்னனின் ஆணைப்படி நகருக்கு வெளியே ஒரு மலையில் நான்கு வீரர்கள் அவரை ஈட்டியால் குத்திக் கொல்கின்றனர்.

இந்நூலில் இந்தியா என்ற பெயர் உண்டு. இந்தியாவை அடையாளம் காட்டும் வாழ்வியல் குறிப்புகள் மிக அரிது. பிராமணர், பௌத்தத் துறவியர் என்று இனங்காணத்தக்க எவரும் வருவதில்லை. மஸ்தாய், வீசான் போன்றவை ஈரானியச் சாயல் உடைய பெயர்கள். தேரிழுக்க வரும் காட்டுக் கழுதைகள் வறண்ட மேற்கு நிலங்களுக்குரியவை. தோமா முதலில் இறங்கும் துறை சிரியாக்கில் சந்தரூக் என்றும் கிரேக்கத்தில் அந்திராபொலிஸ் என்றும் வழங்குகிறது. கிரேக்க வடிவைக் கொண்டு ஆந்திரரோடு அதனை இணைக்க முயன்றோர் உண்டு. ஆனால் சனத்ருக் என்பது மெசப்பொத்தாமிய ஹத்ரா அரசர்கள் தாங்கிய பெயர். சிரியாக் வடிவு அதனை நினைவூட்டுவதைப் புறக்கணிக்க இயலாது. நூலாசிரியர் இந்தியாவைக் கண்டவர் அல்லர்; இந்தியாவைப் பற்றிக் கேட்டவர் எனக் கொள்வதே பொருந்தும்.

கேட்பதற்கு எதெசாவில் வாய்ப்பு மிகுதி. கீழைநாட்டு வணிகப் பாதைகளோடு தொடர்புடைய அந்நகரில் வாழ்ந்த பர்தைசான் என்ற அறிஞர், உரோமப் பேரரசனிடம் சென்ற இந்தியத் தூதரோடு உரையாடி இந்தியத் துறவியரைப் பற்றி எழுதினார் என்று பொர்பீரி வழியாக அறிகிறோம். இச்செய்தி 3ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது; நூலும் அக்காலத்ததே.

4. ஒரு பெயரின் எடை

19ஆம் நூற்றாண்டு வரை குந்தபார் கற்பனைப் பெயர் என்றே கருதப்பட்டது. ஆப்கானிஸ்தானம், பஞ்சாப் பகுதிகளில் கிடைத்த காசுகள் கொண்டோபர்னஸ் என்ற மன்னனை வெளிப்படுத்தியபின் விவாதத்தின் போக்கே மாறியது. தக்த்-இ-பாகி கல்வெட்டு அவனுடைய 26ஆம் ஆட்சியாண்டையும் ஒரு தொடராண்டின் 103ஆம் ஆண்டையும் குறிக்கிறது. அத்தொடராண்டு கி.மு. 58 அளவில் தொடங்குவது எனக் கொண்டால் கல்வெட்டு கி.பி. 46 அளவிலும், ஆட்சித் தொடக்கம் கி.பி. 20 அளவிலும் அமையும். தோமா வாழ்ந்த காலத்தோடு இது பொருந்துகிறது.

இப்பொருத்தத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பதில் அறிஞர் பிரிந்தனர். மெட்லிகாட் 1905இல் இதனை நூலின் வரலாற்றுத் தன்மைக்குத் திறவுகோலாகக் கொண்டார். அதே ஆண்டில் பிளீட் கல்வெட்டுச் சான்றை ஆராய்ந்து, கதைக்கு வரலாற்று அடிப்படை இருக்கக்கூடும் என்ற நிலைக்கு வந்தார். யோசேப் தால்மன் 1912இல் மரபை ஆதரித்து எழுத, ரிச்சர்ட் கார்பே 1914இல் அதனை மறுத்தார். பார்க்வர் 1926, 1927ஆம் ஆண்டுகளில் எழுதிய இரு கட்டுரைகளில், தோமா முதலில் வடமேற்கிலும் பின்னர் தென்னகத்திலும் பணியாற்றினார் என்று இரு மரபுகளையும் இணைத்தார்.

ஆதரிப்போரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. கொண்டோபர்னஸின் பெயர் அன்று பரவலாக வழங்கிய கிரேக்க, இலத்தீன் வரலாற்று நூல்களில் இல்லை. இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் எதெசாவில் எழுதிய ஒருவர் அப்பெயரைச் சரியான காலத்தில் நிறுத்தியிருப்பதற்கு ஏதேனும் ஒரு மரபுத் தொடர்ச்சி இருந்திருக்க வேண்டும். மறுப்போர் கூறுவதும் எண்ணத்தக்கது. இப்பெயர் 'விந்தபர்ணா' என்ற பழைய ஈரானியப் பெயரின் வடிவம், ஒருவருக்கே உரியதன்று. ஒன்றுக்கு மேற்பட்ட அரசர் இதனைத் தாங்கினர் என்றும், முதலாமவன் கி.மு. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவன் என்றும் காசியலார் சிலர் கருதுகின்றனர்.

இங்குத் தமிழ்ச் சான்றுகளோடு ஒப்பிடுதல் பயன் தரும். புகளூர்க் கல்வெட்டு கோ ஆதன் செல்லிரும்பொறை, பெருங்கடுங்கோன், இளங்கடுங்கோ என மூன்று தலைமுறையைத் தருகிறது. பதிற்றுப்பத்தின் 7, 8, 9ஆம் பத்துகளின் தலைவர்களோடு அது ஒப்பிடப்பட்டது. அங்குக் குடிப்பெயர், தலைமுறை வரிசை, நிலப்பகுதி ஆகிய மூன்றும் ஒருங்கே பொருந்துகின்றன. தோமாவின் பணிகளில் பொருந்துவது ஒரு பெயரும் ஏறத்தாழ ஒரு காலமும் மட்டுமே. முதல் சான்று வலிய கயிறு என்றால் இரண்டாவது ஒற்றை நூல். ஒற்றை நூலும் நூலே. ஆனால் அதில் தொங்கவிடும் சுமைக்கு எல்லை உண்டு.

சிவகாசியை அடுத்த திருத்தங்கல் மற்றொரு வகை ஒப்புமை தருகிறது. சிலப்பதிகாரக் கட்டுரை காதையில் வார்த்திகன் கதை தங்கால் என்ற ஊரில் நிகழ்கிறது. களவுப் பழி சுமத்திச் சிறையிடப்பட்ட வார்த்திகனை விடுவித்த பாண்டியன், தங்காலையும் வயலூரையும் அவனுக்கு வழங்குகிறான். தங்கால் உண்மையான ஊர். தங்கால் பொற்கொல்லனார் போன்ற சங்கப் புலவர் பெயர்களிலும் அவ்வூர் இடம்பெறுகிறது. ஊர் உண்மை என்பதால் ஐயை கோயில் கதவு தானே அடைத்துக்கொண்டது வரலாறு ஆகிவிடுமா? ஆகாது. அதே வேளையில், கதவு அடைத்தது வியப்பு நிகழ்ச்சி என்பதால் தங்கால் கற்பனை ஊர் ஆகிவிடாது. மெய்யான பெயரைக் கதைக்குள் அமைப்பது கதைகூறுவோர் எக்காலத்தும் கையாளும் முறை. குந்தபார் பற்றிய முடிவும் இவ்வளவில் நிற்பதே தகும்: நூலாசிரியருக்கு வடமேற்கு இந்தியா பற்றிய உண்மையான மரபுச் செய்தி ஒன்றேனும் கிட்டியிருந்தது. அச்செய்தியோடு தோமா முதலிலேயே இணைந்திருந்தாரா, பின்னர் இணைக்கப்பட்டாரா என்பதைக் காசுகள் கூறா.

5. மஸ்தாயிலிருந்து மயிலாப்பூருக்கு

தமிழக ஆய்வுகளில் பெரும் இடர் இப்பகுதியில் நேர்கிறது. 'கி.பி. 3ஆம் நூற்றாண்டு நூலே தோமாவின் மயிலாப்பூர் மரணத்தைக் கூறுகிறது' என்ற தொடர் விழாமலர்களில் மட்டுமன்றி ஆய்வேடுகளிலும் இடம்பெறும்போது அது மறுப்பின்றிக் கடந்து செல்கிறது. நூலில் மயிலாப்பூர் இல்லை. தமிழகமோ பாண்டிய, சோழ, சேர நாடுகளோ எப்பெயராலும் குறிக்கப்படவில்லை. மஸ்தாயின் தலைநகர் எதுவென்றே நூல் கூறவில்லை.

இவ்வெற்றிடத்தை நிரப்பியவை சொல்லாராய்ச்சிகள். மஸ்தாய் என்பது மகாதேவன் என்பதன் திரிபு என்று மெட்லிகாட் கொண்டார். அதனால் அம்மன்னன் தென்னாட்டு இந்து அரசன் ஆனான். அவருக்கு முன்பே சில்வான் லெவி 1897இல் அதே பெயரை வாசுதேவன் என்று கொண்டு குசான அரசனோடு இணைத்திருந்தார். ஒரே பெயர் ஓர் அறிஞர் கையில் தெற்கேயும் மற்றோர் அறிஞர் கையில் வடக்கேயும் செல்கிறது என்றால், நிலப்பகுதியை உறுதிசெய்யும் ஆற்றல் அப்பெயருக்கு இல்லை என்பதே பெறப்படும்.

நூலின் இறுதிப் பகுதி மயிலாப்பூர் வாதத்துக்கு மாறாகவும் அமைகிறது. மஸ்தாய் தன் மகனின் நோய் தீர்க்கக் கல்லறையைத் திறந்தபோது அங்கே எலும்புகள் இல்லை; சீடர் ஒருவர் மேற்கே கொண்டுசென்றுவிட்டார் என்று நூல் கூறுகிறது. 4ஆம் நூற்றாண்டில் எதெசாவில் தோமாவின் திருப்பண்டங்கள் போற்றப்பட்டன. கி.பி. 373இல் மறைந்த எப்ரேம், வணிகன் ஒருவன் அவற்றைக் கொணர்ந்ததாகப் பாடினார். எனவே இந்நூலின் அக்கறை எதெசாவின் பெருமையில் இருந்தது. இந்தியக் கல்லறையின் பெருமையில் இல்லை.

தென்னிந்திய மரபுக்குரிய சான்றுகளின் காலவரிசை வேறு. 6ஆம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் மலைநாட்டிலும் இலங்கையிலும் கிறித்தவர் இருந்ததைக் குறிக்கிறார், தோமாவைக் குறிக்கவில்லை. அதே நூற்றாண்டில் தூர் நகர கிரகோரி, தோமாவின் உடல் முதலில் வைக்கப்பட்ட இடத்தில் இந்தியாவில் ஒரு கோயில் இருப்பதாகக் கேள்வியுற்று எழுதுகிறார், ஊர்ப்பெயர் இல்லை. கி.பி. 849ஆம் ஆண்டுக்குரிய தரிசாப்பள்ளிச் செப்பேடு கொல்லத்துக் கிறித்தவக் குழுவின் உரிமைகளை வட்டெழுத்தில் பதிவுசெய்கிறது. தோமா பற்றிய செய்தி அதிலும் இல்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ மாபார் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் கல்லறை இருப்பதைக் கூறுகிறார். அவர் கேட்ட கதையில் தோமா இறந்தது மன்னன் ஆணையால் அன்று. மயிலுக்கு எய்த வேடன் அம்பு தவறிப் பட்டதால். இவ்வேறுபாடு மிக முக்கியமானது. தென்னக மரபு தோமாவின் பணிகளைப் பார்த்து எழுதப்பட்டதாக இருந்தால் மரணக் கதை இவ்வளவு மாறியிருக்குமா என்ற வினாவை அது எழுப்புகிறது. 1547இல் பரங்கிமலையில் கண்டெடுக்கப்பட்ட பகலவி எழுத்துச் சிலுவை, பாரசீகத் திருச்சபையோடு இருந்த தொடர்பை உறுதிப்படுத்துகிறது. தோமாவின் வருகையை அன்று.

முண்டாடன் 16ஆம் நூற்றாண்டு வாய்மொழி மரபுகளைத் தொகுத்து ஆராய்ந்து, தென்னிந்திய மரபு நூல் மரபிலிருந்து தனித்து நிற்கக்கூடியது என்று காட்ட முயன்றார். இவ்வணுகுமுறை ஏற்கத்தக்கதாயினும் ஒரு விலையை உடையது. இரு மரபுகளும் தனித்தனி என்றால் நூலின் தொன்மையை மயிலாப்பூருக்குக் கடன் வாங்க இயலாது. இரண்டும் ஒன்று என்றால் நூல் கூறும் மேற்குநோக்கிய எலும்புப் பயணத்தையும் ஏற்க வேண்டும். இவற்றுள் ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டின் ஆதாயத்தையும் பெற முயல்வதே இத்துறையின் அடிப்படைக் குறை.

6. அடுக்கப்பட்ட ஊகங்கள்

இக்குறையின் விளைவு திருக்குறள் ஆய்வுவரை நீண்டது. 1886இல் வெளிவந்த தம் திருக்குறள் மொழிபெயர்ப்பின் முன்னுரையில் ஜி.யு. போப், மயிலாப்பூரில் வாழ்ந்த வள்ளுவர் கிறித்தவப் போதகரைக் கேட்டிருக்கக்கூடும் என்று ஊகித்தார். 1969இல் வெளிவந்த மு. தெய்வநாயகத்தின் 'திருவள்ளுவர் கிறித்தவரா?' அந்த ஊகத்தை நெடுந்தொலைவு எடுத்துச் சென்றது. இதனை ஆதரித்தும் மறுத்தும் எழுந்த எழுத்துகள் பெரும்பாலும் குறட்பாக்களின் பொருள் பற்றியே வழக்காடின. அடித்தளத்தை எண்ணிப் பார்த்தோர் சிலரே. தோமா தமிழகம் வந்தார், மயிலாப்பூரில் வாழ்ந்தார், வள்ளுவரும் அங்கே வாழ்ந்தார், இருவரும் ஒரே காலத்தவர் என்ற நான்கு எடுகோள்கள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. வள்ளுவரின் மயிலாப்பூர்த் தொடர்பும் பிற்கால மரபே. வையாபுரிப்பிள்ளை போன்றோர் குறளுக்குக் கொண்ட காலம் முதல் நூற்றாண்டிலிருந்து மிகவும் விலகியது. ஒவ்வோர் எடுகோளும் தனித்தனியே நிறுவப்படாத நிலையில், இறுதி முடிவின் உறுதி முதல் எடுகோளின் உறுதியைக் காட்டிலும் குறைந்தே இருக்கும்.

மறுதரப்பின் பிழையும் சுட்டத்தக்கதே. தோமாவின் வருகை நிறுவப்படவில்லை என்பதிலிருந்து அது நடந்திருக்க இயலாது என்ற முடிவுக்குச் செல்வது தாவலே. முதல் நூற்றாண்டில் செங்கடல் துறைகளிலிருந்து முசிறிக்குப் பருவக்காற்றின் துணையால் கலங்கள் ஆண்டுதோறும் வந்தன. வியன்னாவில் உள்ள 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரசு ஆவணம் அவ்வணிகத்தின் அளவைக் காட்டுகிறது. பயணம் இயலக்கூடியதே. இயலக்கூடியது என்பதற்கும் நிகழ்ந்தது என்பதற்கும் இடையே சான்று வேண்டும் என்பது மட்டுமே ஆய்வாளரின் கோரிக்கை.

இவ்வளவுகோல் கிறித்தவ மரபுக்கு மட்டும் உரியதன்று. இறையனார் அகப்பொருளுரை மூன்று சங்கங்களுக்கு 4440, 3700, 1850 ஆண்டுகளைக் கூறுகிறது. அதன் எண்களை ஏற்காத ஆய்வாளரும் அதனை ஒதுக்கிவிடவில்லை; உரை தோன்றிய காலத்துச் சங்கம் பற்றிய நினைவுக்கு அதனைச் சான்றாகக் கொள்கின்றனர். சின்னமனூர்ச் செப்பேடு மதுரைச் சங்கத்தைக் குறிப்பதும், 10ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் அம்மரபை நம்பினர் என்பதற்கு நேர்ச்சான்று; சங்கம் இருந்ததற்கு மறைமுகச் சான்று. தோமாவின் பணிகளை எதெசாவின் நம்பிக்கைக்கு நேர்ச்சான்றாகக் கொள்ளும் முறை இதுவே. தன் மரபுக்கு ஓர் அளவுகோல், பிறர் மரபுக்கு வேறோர் அளவுகோல் என்று கொள்ளும் ஆய்வு எத்தரப்பிலிருந்து வந்தாலும் ஆய்வாகாது.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

தோமாவின் பணிகள் கி.பி. 3ஆம் நூற்றாண்டின் உண்மையான நூல். அதனைப் போலி நூல் என்பது பிழை. அந்நூல் தோமாவின் இந்தியப் பணி பற்றி எதெசா கொண்டிருந்த நம்பிக்கைக்கு நேர்ச்சான்று. வடமேற்கு இந்தியாவோடு தோமாவுக்கு இருந்திருக்கக்கூடிய தொடர்புக்கு அது மறைமுகமான, தனித்து நிற்க இயலாத சான்று. தமிழகத்தோடு அவருக்கு இருந்த தொடர்புக்கு அது சான்றே அன்று. மயிலாப்பூர் மரபை அதற்குரிய சான்றுகளைக் கொண்டே, அவற்றின் காலவரிசைப்படி ஆராய வேண்டும்.

சிரியாக் மூலத்தையும் கிரேக்கப் பாடத்தையும் இணையாக வைத்து, பாடவேறுபாடுகளுடன் இந்நூலைத் தமிழில் பெயர்க்கும் பணி இவ்வாய்வுத்துறைக்கு உடனடித் தேவையாகும். நூலைப் படித்தவரும் படிக்காதவரும் ஒரே உறுதியோடு மேற்கோள் காட்டும் நிலை அதனால் குறையும். பல நூற்றாண்டுகளாகத் தோமாவின் பெயரால் தம்மை அடையாளப்படுத்தி வரும் மக்களின் நினைவு மதிக்கத்தக்கது. நிறுவப்படாத தொடர்களை அந்நினைவின் மேல் ஏற்றாதிருப்பதும் அம்மதிப்பின் ஒரு பகுதியே.